டெல்லிக் குளிரில் மாவு பொங்க: பழைய ஃபிரிட்ஜுக்கு ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி

ஜனவரி மாதத்தில் டெல்லியின் இரவு வெப்பம் சராசரியாக 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுகிறது. இட்லி மாவுக்கு இவ்விரண்டும் ஆகாது. கரோல் பாகிலோ ஆர்.கே. புரத்திலோ மயூர் விஹாரிலோ, எங்கே குடியிருந்தாலும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் குளிர்காலத்தில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைக்கின்றன, விளக்கெரியும் ஓவனுக்குள் வைக்கின்றன, ஹீட்டர் போட்ட அறைக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன. கோடையிலோ இரவில் கரைத்து வைத்த மாவு விடிவதற்குள் புளித்துப் போகாமல் இருக்க நடுவில் எழுந்து அதை ஃபிரிட்ஜுக்கு மாற்றுகின்றன. இந்த இரண்டு பருவத்துக்கும் சேர்த்து, ஒரு பழைய ஒற்றைக்கதவு ஃபிரிட்ஜையும் சில மின்னணுப் பாகங்களையும் கொண்டு ஒரு வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அமைக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

இம்முறை வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருவது. அவர்கள் பழைய ஃபிரிட்ஜுக்குள் நொதிக்கலனை வைத்து, வெப்பம் கூடினால் கம்ப்ரஸரையும் குறைந்தால் ஒரு சிறிய ஹீட்டரையும் இயக்குகிறார்கள். உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது டெல்லியில் குற்றம் என்பதால் அந்தப் பயன்பாட்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் நொதித்தலின் அடிப்படை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். நம்முடைய மாவுக்கும் தயிருக்கும் அந்தப் பெட்டி அப்படியே பொருந்துகிறது.

கடையில் எஸ்டிசி-1000 என்ற பெயரில் ஒரு ஆயத்தக் கருவி கிடைக்கிறது. சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் தனித்தனி ரிலேக்கள் (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), ஒரு சென்சார், கம்ப்ரஸருக்கான காத்திருப்பு நேரம் ஆகியவை அதிலேயே இருக்கின்றன. மாவை ஒரே வெப்பத்தில் வைத்திருந்தால் போதும், பொங்கியதும் நானே எடுத்துவிடுவேன் என்பவர்கள் அதை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். அது நல்ல கருவி. நாமே செய்துகொள்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, அதில் சென்சார் ஒன்றுதான். காற்றின் வெப்பத்தையும் மாவின் வெப்பத்தையும் ஒரே நேரத்தில் அதனால் அறிய முடியாது. இரண்டாவதும் முக்கியமானதும் என்னவென்றால், மாவுக்குத் தேவையானது சூடு மட்டுமன்று, சரியான நேரத்தில் நிறுத்தமும்தான். இரவு முழுவதும் 30 டிகிரியில் வைத்திருந்து, மாவு எழும்பியதும் யாரும் எழுந்து வராமலேயே 5 டிகிரிக்குக் கொண்டுபோகும் கருவிதான் அடுக்களைக்கு உண்மையில் உதவுவது.

மாவுக்குள் நடப்பது

மாவைப் பொங்க வைப்பதில் முதன்மையானது லியூகோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்னும் பாக்டீரியா. அது உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே இருக்கிறது. சர்க்கரையை உண்டு லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அந்த வாயுவை உளுந்தின் பசைத்தன்மை பிடித்து வைத்துக்கொள்வதால் மாவு எழும்புகிறது. இது 20 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் செழித்து வளரும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால், வாயுவை அதிகம் உண்டாக்காமல் அமிலத்தை மட்டும் பெருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் முந்திக்கொள்கின்றன. கோடையில் மாவு சரியாக எழும்பாமலேயே புளிப்பு ஏறிவிடுவது இதனால்தான். 28 முதல் 32 டிகிரிக்குள் மாவை நிறுத்தினால் 8 முதல் 12 மணி நேரத்தில் நன்றாக எழும்பும். 30 டிகிரியை இலக்காக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, ஏனெனில் இரு பக்கமும் இரண்டு டிகிரி பிழைக்கு இடம் இருக்கிறது.

ஃபிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தல்

கபாடிக்காரரிடமோ (பழைய சாமான் வாங்கி விற்பவர்) பழைய சாமான் கடையிலோ 165 முதல் 190 லிட்டர் வரை கொள்ளளவுள்ள, ஒற்றைக்கதவு கொண்ட, கம்ப்ரஸர் ஓடும் ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்குங்கள். அதன் தெர்மோஸ்டாட் பழுதாகிக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினாலும் கவலையில்லை, அந்த வேலையை நம் கருவி செய்யப் போகிறது. கதவின் ரப்பர் விளிம்பு கிழியாமல் இருப்பதுதான் முக்கியம். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் அது இறுக்கமாகப் பிடிபட வேண்டும்.

கம்ப்ரஸரின் மேலோ பின்புறமோ ஒட்டியிருக்கும் வில்லையில் எந்தக் குளிர்வாயு என்று எழுதியிருக்கும். ஆர்134ஏ என்றால் அது எரியாத வாயு. ஆர்600ஏ என்றால் அது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. அப்படிப்பட்ட ஃபிரிட்ஜுக்குள் தீப்பொறி உண்டாக்கக்கூடிய சுவிட்ச், ரிலே, தளர்வான பல்பு ஹோல்டர் எதையும் வைக்கக் கூடாது. முடிந்தவரை ஆர்134ஏ உள்ள பழைய ஃபிரிட்ஜையே தேடுமாறு பரிந்துரைக்கிறேன். ஆர்600ஏ மட்டுமே கிடைத்தால், உள்ளே சூடாக்கப் பல்புக்குப் பதிலாக சிலிக்கோன் ரப்பருக்குள் முற்றிலும் அடைக்கப்பட்ட ஹீட்டிங் பேடைப் பயன்படுத்தி, அதன் ஒயர் இணைப்புகள் அனைத்தையும் ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஃபிரிட்ஜாக இருந்தாலும் அதன் பக்கச் சுவரில் துளை போடக் கூடாது. பல மாடல்களில் குளிர்வாயு ஓடும் குழாய்கள் பக்கத் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகின்றன. துளைக்கருவி ஒரு முறை அதில் பட்டால் ஃபிரிட்ஜ் அத்துடன் முடிந்தது. சென்சார் ஒயர் மெல்லியது, அது கதவின் ரப்பர் விளிம்புக்கு அடியிலேயே உள்ளே போய்விடும். ஹீட்டருக்கான தட்டையான கேபிளையும் அவ்வாறே கீழ் மூலை வழியாக விடலாம்.

சூட்டுக்கு எத்தனை வாட்

பலரும் தடுமாறும் இடம் இது. ஒரு பெட்டி ஒவ்வொரு டிகிரி வெப்ப வேறுபாட்டுக்கும் இவ்வளவு வாட் என்ற கணக்கில் சூட்டை வெளியே விடுகிறது. அந்த எண்ணை நீங்களே அளந்துகொள்ளலாம். காலியான ஃபிரிட்ஜுக்குள் 40 வாட் ஹீட்டரைத் தொடர்ந்து எரியவிட்டு, கதவை மூடி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, உள் வெப்பம் மேலும் ஏறாமல் நிலைபெறும் வரை சில மணி நேரம் பாருங்கள். வெளியே 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 40 டிகிரியில் நின்றால் வேறுபாடு 25. 40 வாட்டை 25ஆல் வகுத்தால் டிகிரிக்கு 1.6 வாட். ஜனவரி இரவில் அடுக்களை 10 டிகிரிக்கு இறங்கினாலும், 30 டிகிரியை நிலைநிறுத்த 20 டிகிரி வேறுபாட்டுக்கு 32 வாட் போதும் என்பது இதிலிருந்து தெரிந்துவிடுகிறது.

நிலைநிறுத்துவது வேறு, மாவைச் சூடாக்குவது வேறு. நான்கு கிலோ மாவை 15 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 210 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஹீட்டரில் 20 வாட் மட்டுமே மிச்சம் இருந்தால் அதற்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்; 8 வாட் மட்டுமே மிஞ்சினால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும், இரவே போய்விடும். ஆகவே குளிர்காலத்தில் கிரைண்டரில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி அரைத்து, மாவை 25 டிகிரிக்கு மேலேயே பெட்டிக்குள் வைப்பது பெரிய ஹீட்டர் வாங்குவதைவிட நல்ல வழி. 60 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். சிறிய ஹீட்டர் இருப்பதே ஒரு பாதுகாப்பு: ரிலே ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமலே போனாலும், 40 வாட்டால் மேற்சொன்ன ஃபிரிட்ஜை அறை வெப்பத்துக்கு மேல் 25 டிகிரிதான் ஏற்ற முடியும்.

ஃபிரிட்ஜ் கிடைக்காதவர்கள் தெர்மோகோல் பெட்டியில் குளிர்காலத்தை மட்டும் சமாளிக்கலாம். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட பெட்டியின் சுவர் 3 செ.மீ. தடிமன் என்றால் டிகிரிக்கு ஏறக்குறைய 1.7 வாட் வெளியேறும், 5 செ.மீ. தடிமன் என்றால் அது 1 வாட்டாகக் குறைந்துவிடும். ஜீரோ வாட் பல்பு என்று விற்கப்படும் இழை பல்பு உண்மையில் 15 வாட் அளவுக்கு எரிகிறது என்பதால், தடிமனான பெட்டியில் அதுவே அறையைவிட 15 டிகிரி கூடுதலாகத் தந்துவிடும். ஆனால் தெர்மோகோல் தீப்பற்றும் பொருள்; பல்பு அதை ஒருபோதும் தொடாத வகையில் உலோகத் தாங்கி அமைக்க வேண்டும்.

ஃபிரிட்ஜுக்குள்ளும் பல்பைத் திறந்த நிலையில் விடக் கூடாது. எரியும் இழை பல்பின் கண்ணாடி 100 டிகிரிக்கு மேல் சூடாகிறது. ஃபிரிட்ஜின் உட்புறப் பிளாஸ்டிக் அதற்கு அருகில் இளகி வளைந்துவிடும். பக்கவாட்டில் துளைகள் இட்ட ஒரு எவர்சில்வர் அல்லது தகர டப்பாவுக்குள் பல்பைப் பொருத்தி, டப்பாவை எர்த் ஒயருடன் இணைத்து, கீழ்த்தட்டில் எல்லாச் சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். அதன் அருகில் 80 மி.மீ. அளவுள்ள 5 வோல்ட் ஃபேன் ஒன்று எப்போதும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். காற்று கலக்காவிட்டால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் வெவ்வேறு வெப்பத்தில் நிற்கும், சென்சார் காட்டும் எண்ணுக்குப் பொருளே இராது.

பாகங்கள்

செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் மார்க்கெட்டில் மின்னணுப் பாகங்கள் கிடைக்கும். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ள பாகீரத் பேலஸில் ஒயர், சாக்கெட், எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), ஜங்ஷன் பாக்ஸ் போன்றவற்றை வாங்கலாம். வயலட் லைனில் லால் கிலா நிலையத்தில் இறங்குவது இரண்டுக்கும் வசதி.

கருவியின் மூளைக்கு, நிரல் எழுதி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் பலகையான அர்டுயினோ நானோவைப் பரிந்துரைக்கிறேன். வைஃபை உள்ள இஎஸ்பி பலகைகள் கவர்ச்சியானவை, ஆனால் அவை 3.3 வோல்ட்டில் இயங்குவதால் 5 வோல்ட் ரிலே பலகைகளுடன் சில நேரம் ஒத்துப்போவதில்லை. மாவு பொங்குவதைக் கைபேசியில் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. வெப்பத்தை அளக்க, எவர்சில்வர் முனைக்குள் அடைக்கப்பட்ட டிஎஸ்18பி20 சென்சார்கள் இரண்டு. ஹீட்டருக்கு 10 ஆம்பியர் ரிலே, கம்ப்ரஸருக்கு 30 ஆம்பியர் ரிலே. ஃபிரிட்ஜ் ஓடும்போது ஒரு ஆம்பியரை ஒட்டியே எடுத்துக்கொண்டாலும், கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். விலை மலிவான நீல நிற ரிலேயின் முனைகள் நாளடைவில் அந்த இழுப்பில் உருகி ஒட்டிக்கொள்ளும். இவற்றுடன் 16 எழுத்துக்கள் கொண்ட இரண்டு வரித் திரை, மூன்று அழுத்துப் பொத்தான்கள், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், தரமான 5 வோல்ட் 2 ஆம்பியர் சார்ஜர், 70 டிகிரியை ஒட்டி அறுபடும் தெர்மல் ஃபியூஸ் ஆகியவை வேண்டும்.

தெர்மல் ஃபியூஸ் ஹீட்டரின் ஃபேஸ் ஒயரில் தொடராக வர வேண்டும். அதை டப்பாவின்மேல் வைக்காமல், உட்சுவரில் டப்பாவுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பொருத்துங்கள். அதன் கால்களைச் சால்டர் செய்யக் கூடாது, சால்டரிங் சூட்டிலேயே அது அறுந்துவிடும். கிரிம்ப் செய்து அழுத்தியே இணைக்க வேண்டும்.

மின் இணைப்பு

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஒயரிங் செய்து பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்; அதில் எந்தக் குறைவும் இல்லை. கருவி செருகப்படும் பிளக் பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொள்வதும், அந்த இணைப்பு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருமாறு பார்த்துக்கொள்வதும் கட்டாயம். ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருக்கப் போகின்றன.

கருவிக்கென ஒரு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸை எடுத்து, அதன் முகப்பில் இரண்டு 6 ஆம்பியர் மூன்று முனை சாக்கெட்டுகளைப் பொருத்துங்கள். ஒன்று ஹீட்டருக்கு, மற்றது ஃபிரிட்ஜின் பிளக்குக்கு. உள்ளே வரும் மின்சாரம் முதலில் 6 ஆம்பியர் எம்சிபிக்குப் போகட்டும். அங்கிருந்து நியூட்ரலும் எர்த்தும் நேராக இரண்டு சாக்கெட்டுகளுக்கும் போகும். ஃபேஸ் மட்டுமே ரிலேயின் பொது முனைக்கு வந்து, ரிலே இயங்கும்போது மட்டும் மூடும் முனை வழியாகச் சாக்கெட்டுக்குச் செல்ல வேண்டும். கருவி செயலிழந்தால் இரண்டுமே அணைந்து நிற்கும் என்பதால் இந்த முனையையே பயன்படுத்த வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயரையும் திருகு முனைகளையும் பயன்படுத்துங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஆகாது. 5 வோல்ட் பக்கத்துக்கும் 230 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை வைத்து, ஒரு பக்கத்தின் ஒயர் அவிழ்ந்தாலும் மறுபக்கத்தைத் தொடாதபடி செய்யுங்கள்.

கம்ப்ரஸர் அணையும் கணத்தில் எழும் மின்னழுத்தத் துள்ளல் திரையில் பொருளற்ற எழுத்துக்களை உண்டாக்கும், சில நேரம் நானோவையே மறுபடி தொடக்க நிலைக்குத் தள்ளிவிடும். திரையின் முதல் வரியில் கட்டங்களும் பாதி எழுத்துக்களும் தோன்றினால் நிரலில் பிழை தேடாதீர்கள். கம்ப்ரஸர் ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரையும், எக்ஸ்2 வகை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராக இணைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை நின்றுவிடும். 30 ஆம்பியர் ரிலேக்கான 5 வோல்ட்டை நானோவின் வழியாக எடுக்காமல் சார்ஜரிலிருந்து நேராக எடுப்பதும் உதவும்.

சென்சார்கள்

டிஎஸ்18பி20 சென்சார் −10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்த 64 பிட் எண் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே ஒயரில் இணைக்கலாம். அந்த ஒயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வர வேண்டும். சந்தையில் போலிகள் நிறைய உலவுவதால் வாங்கியதும் சோதித்துவிடுங்கள். நொறுக்கிய ஐஸ்கட்டியில் சிறிதளவு மட்டும் நீர் விட்டுக் கலக்கி, முனையை அதற்குள் சில நிமிடங்கள் வைத்தால் 0 டிகிரி காட்ட வேண்டும். பிறகு 37 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டருடன் சேர்த்து வைத்து ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டிய வெப்பங்கள் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இருக்கின்றன. வேறுபாடு ஒரே அளவாக இருந்தால் அதை நிரலில் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு சென்சார் பெட்டிக்குள் காற்றில் தொங்கட்டும். மற்றதை மாவுப் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில், மாவின் நடு உயரத்தில் படுக்கவைத்து, அதன்மேல் இரண்டு விரற்கடைத் தடிமனுள்ள தெர்மோகோல் துண்டை அழுத்தி, அகலமான ரப்பர் பட்டையால் கட்டுங்கள். எவர்சில்வர்ச் சுவர் மெல்லியது என்பதால் வெளிக்காற்று படாதபடி மூடிய சென்சார் மாவின் வெப்பத்தையே காட்டும். மாவுக்குள் முக்கி வைக்கத் தேவையில்லை. இந்த முனைகள் உணவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல, கழுவுவதும் எளிதன்று.

காற்றை மட்டும் அளக்கும் கருவி பெட்டி 30 டிகிரியில் இருக்கிறது என்று நிம்மதியாக ஹீட்டரை அணைத்துவிடும். அப்போது மாவு 19 டிகிரியில் இருக்கலாம். மாவை மட்டும் அளக்கும் கருவியோ மாவு 30ஐத் தொடும்வரை ஹீட்டரை விடாமல் எரித்து, அதற்குள் காற்றையும் பாத்திரத்தின் ஓரங்களையும் 45 டிகிரிக்கு ஏற்றிவிடலாம். அதனால்தான் இரண்டும் வேண்டும்: மாவு இலக்கைச் சொல்ல, காற்று எல்லையைச் சொல்ல.

நிரல் செய்ய வேண்டியவை

ஒன்வயர், டாலஸ் டெம்பரேச்சர் ஆகிய இரண்டு நூலகங்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) சென்சாரைப் படிக்கும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். மிச்சம் இருப்பது முடிவெடுக்கும் வேலை. மாவு 29.5 டிகிரிக்குக் கீழே இருந்து, காற்று 38 டிகிரியைத் தாண்டாமலும் இருந்தால் ஹீட்டர் எரியட்டும். மாவு 30 டிகிரியைத் தொட்டாலோ காற்று எல்லையை எட்டினாலோ அணையட்டும். மாவு 32 டிகிரியைத் தாண்டினால் கம்ப்ரஸர் ஓடட்டும், 31 டிகிரிக்கு வந்ததும் நிற்கட்டும். நடுவில் உள்ள இடைவெளியில் எதுவும் இயங்க வேண்டாம். இந்த இடைவெளி இல்லையென்றால் ஹீட்டரும் கம்ப்ரஸரும் ஒன்றையொன்று எதிர்த்து இரவெல்லாம் மாறிமாறி ஓடும், மின் கட்டணம்தான் ஏறும்.

நின்ற கம்ப்ரஸர் குறைந்தது ஐந்து நிமிடங்கள் கழித்தே மீண்டும் கிளம்ப வேண்டும். அது நின்றதும் குழாய்களின் இரு பக்கத்திலும் உள்ள வாயு அழுத்தம் சமமாகச் சிறிது நேரம் ஆகும். அதற்கு முன் கிளப்பினால் மோட்டார் சுழல முடியாமல் பெருமளவு மின்சாரத்தை இழுத்துச் சூடாகும். மின்சாரம் போய் உடனே வரும்போது நானோவுக்குக் கம்ப்ரஸர் எப்போது நின்றது என்பது நினைவில் இராது. ஆகவே கருவி உயிர்பெறும் ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடங்களுக்குக் கம்ப்ரஸரைத் தொடாதபடி நிரல் எழுதுங்கள்.

சென்சார் ஒயர் அறுந்தால் நூலகம் −127 என்ற எண்ணைத் தரும். சென்சார் மின்சாரம் பெற்றவுடன் அளவெடுக்காமல் படித்தால் 85 என்ற எண் வரும். இவ்விரண்டையும் வெப்பமாக எடுத்துக்கொண்டால் விபரீதம்: −127ஐ நம்பும் நிரல் ஹீட்டரை அணைக்கவே அணைக்காது. இவ்வெண்களில் எது வந்தாலும், அல்லது பத்து நொடிகளுக்குள் வெப்பம் ஐந்து டிகிரி தாவினாலும், இரண்டு ரிலேக்களையும் அணைத்துத் திரையில் பிழை என்று காட்ட வேண்டும். பெரும்பாலான ரிலே பலகைகள், அவற்றுடன் இணைந்த நானோவின் பின் (இணைப்புக் கால்) தாழ்நிலைக்குப் போனால் இயங்குபவை. நிரலின் தொடக்கத்தில் பின்னை முதலில் உயர்நிலைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகே வெளியீடாக அறிவித்தால் கருவி உயிர்பெறும்போது ரிலே ஒரு கணம் துள்ளாது. நிரல் எங்கேனும் உறைந்துபோனால் தானாகவே மறுபடி தொடங்க, நானோவில் உள்ள வாட்ச்டாக் டைமரையும் இயக்கி வையுங்கள்.

இனி நிறுத்தம். பொத்தானில் எத்தனை மணி நேரம் பொங்க வேண்டும் என்று குறித்துத் தொடங்கினால், அந்த நேரம் முடிந்ததும் கருவி ஹீட்டரை முற்றிலும் விட்டுவிட்டு, மாவை 5 டிகிரிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்த வேண்டும். கழிந்த நேரத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நானோவின் நிலைநினைவில் எழுதி வைத்தால், நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அந்த நினைவின் ஒவ்வோர் இடமும் 1,00,000 முறை எழுதத் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் அளவு. எட்டு மணி நேரப் பொங்கலுக்கு 48 முறைதான் எழுதப்படுகிறது.

முதல் ஓட்டம்

மாவை வீணாக்காமல், அதே பாத்திரத்தில் நான்கு லிட்டர் நீரை ஊற்றி ஒரு பகல் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கால் மணிக்கு ஒரு முறை இரண்டு சென்சார்களின் எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தால், ஹீட்டர் அணைந்த பிறகும் நீர் எவ்வளவு ஏறுகிறது, கம்ப்ரஸர் நின்ற பிறகும் எவ்வளவு இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். ஃபிரீசர் பெட்டியின் தகடு கம்ப்ரஸர் நின்ற பிறகும் சிறிது நேரம் குளிர்ந்தே இருப்பதால், இறங்குவது பெரும்பாலும் ஏறுவதைவிட அதிகமாக இருக்கும். ஒரு டிகிரிக்குமேல் மீறினால் அணைக்கும் எண்ணை அதற்கேற்ப முன்னதாக்குங்கள். நடுவில் ஒரு முறை சென்சாரின் பிளக்கை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு ரிலேக்களும் அப்போதே அணையாவிட்டால் அந்தக் கருவியை இரவில் தனியே விடக் கூடாது. ஃபிரிட்ஜின் சொந்தத் தெர்மோஸ்டாட் மிகக் குளிர்ந்த நிலையில் திருகி வைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால் நாம் மின்சாரம் கொடுத்தும் கம்ப்ரஸர் ஓடாமல் நிற்கும்.

மாவுடன் ஓட்டும்போது

நான்கு கிலோ மாவு 30 டிகிரியிலிருந்து இறங்கச் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்திலும் நொதித்தல் தொடரும். ஆகவே மாவு முழுவதுமாக எழும்பும்வரை காத்திராமல், முக்கால் பங்கு எழும்பும் நேரத்தையே குறித்து வையுங்கள். குளிர்காலத்தில் மாவு 30 டிகிரியை எட்டிய பிறகு எட்டு மணி நேரம், கோடையில் ஆறு மணி நேரம் என்று தொடங்கி, உங்கள் உளுந்துக்கும் அரிசிக்கும் ஏற்ப அரை மணி அரை மணியாக மாற்றிக்கொள்ளலாம். நேரத்தைப் பொத்தானை அழுத்திய கணத்திலிருந்து எண்ணாமல், மாவு 28 டிகிரியைத் தாண்டிய கணத்திலிருந்து எண்ணும்படி நிரல் எழுதினால் பருவத்துக்குப் பருவம் மாற்ற வேண்டிய தேவை பெருமளவு குறையும். இந்தக் கருவியில் நான் மிகவும் மதிக்கும் வசதி இதுதான். மாவை ஒரே பெரிய பாத்திரத்தில் வைக்காமல் இரண்டு கிலோ வீதம் இரண்டு பாத்திரங்களில் பிரித்து வைத்தால் சூடாவதும் குளிர்வதும் விரைவாக நடக்கும். சென்சார் அவற்றில் ஒன்றில் இருந்தால் போதும். இரண்டிலும் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள்.

பெட்டி 30 டிகிரியில் இருக்கும்போது ஃபிரீசர் தகட்டில் படிந்த பனி முழுவதும் உருகிச் சொட்டும். மாவுப் பாத்திரங்களுக்குத் தட்டு மூடி போட்டு வையுங்கள். ஹீட்டர் டப்பாவும் ஃபேனும் அந்தச் சொட்டு விழும் இடத்தில் இருக்கக் கூடாது. அடியிலுள்ள நீர்த்தட்டை வாரம் ஒரு முறை எடுத்துக் கொட்டி, உட்புறத்தைச் சமையல் சோடா கலந்த நீரில் துடைத்துக் காயவிட்டால் புளிச்ச வாடை தங்காது.

தயிருக்கு இதே பெட்டியில் இலக்கை 40 டிகிரிக்கும் காற்றின் எல்லையை 45 டிகிரிக்கும் உயர்த்திக்கொள்ளலாம். நீங்கள் அளந்த வாட் கணக்கைப் பார்த்து, ஜனவரியில் அந்த உயரத்தை 40 வாட்டால் எட்ட முடியாதென்றால் 60 வாட் பல்பை மாற்றுங்கள். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி வைத்தால் ஹீட்டருக்கு இருக்கும் சூட்டைக் காப்பாற்றும் வேலை மட்டுமே மிஞ்சும். ஐந்து, ஆறு மணி நேரத்தில் கட்டித் தயிர் உறைந்ததும் கருவி தானாகவே குளிர்விக்கத் தொடங்கிவிடும். மாவையும் தயிரையும் ஒரே இரவில் ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம், இரண்டுக்கும் வெப்பம் வேறு.